அடுப்பங்கரையில் பிறந்த அறிவியல் சொற்கள்

கல்லூரி திறந்த முதல் மாதத்தில் ஆண்டுதோறும் நான் காணும் காட்சி ஒன்று உண்டு. பள்ளியிறுதி வரை தமிழில் படித்துவிட்டு இயற்பியல் பட்ட வகுப்பில் சேர்ந்த மாணவர்கள், குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை இரண்டு பத்திகளாகக் கோடிட்டு வைத்திருப்பார்கள். இடப்பக்கம் ஃபோகஸ், இனெர்ஷியா, மொமென்டம், டேன்ஜென்ட். வலப்பக்கம் குவியம், நிலைமம், உந்தம், தொடுகோடு. பேருந்திலும் விடுதியிலும் இதே மனப்பாடந்தான். இவர்களுள் ஒருவரை அழைத்து நீள்வட்டம் வரையச் சொல்லுங்கள். இரண்டு குண்டூசிகளையும் ஒரு நூலையும் கொண்டு வரைந்து, குவியங்கள் இவை என்று காட்டிவிடுவார். 'ஃபோகஸ் எங்கே?' என்று கேட்டால் விழிப்பார்.

அத்தகைய மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "சார், எங்களுக்குக் குவியம் என்றால் விளங்குவதுபோல, இங்கிலாந்தில் பிறந்த பையனுக்கு ஃபோகஸ் என்றால் விளங்கிவிடும். அவனுக்கு எல்லாமே தாய்மொழி. நாங்கள் எப்படி அவனோடு போட்டியிடுவது?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அதன் அடிப்படையே தவறு. குவியம் என்னும் சொல்லுக்குள் 'குவி' என்ற வினை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. நெல்லைக் குவிக்கிறோம், கைகளைக் குவித்து வணங்குகிறோம். ஒளிக்கதிர்கள் குவியும் இடம் குவியம். இங்கிலாந்துச் சிறுவன் ஃபோகஸ் என்ற சொல்லை எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அதற்குள் அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் எதுவும் இல்லை. காரணம், அது ஆங்கிலமே அன்று, இலத்தீன். அவனும் உங்களைப் போலவே அதை உருப்போட்டுத்தான் பழகுகிறான். சற்று முன்னதாகத் தொடங்கிவிடுகிறான் என்பது மட்டுமே வேறுபாடு.

சரி, இலத்தீனில் ஃபோகஸ் என்றால் என்ன பொருள்? அடுப்பு! ரோமானியர் வீட்டில் தீ மூட்டும் இடத்திற்கு அதுதான் பெயர். இதை நான் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உங்களுக்கும் சிரிப்பு வரலாம். ஆயினும் சிறு வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிய அனுபவம் உங்களுக்கு இருக்குமானால், இப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். கதிர்கள் வந்து கூடும் புள்ளியில் தீப்பற்றுகிறது. ஜெர்மானியர் அதனை 'எரியும் புள்ளி' என்று பொருள்படும் பிரென்புங்க்ட் என்ற தம் சொல்லாலேயே குறிக்கின்றனர்.

அடுப்பை வடிவியலுக்குள் கொண்டுவந்தவர் வானியலறிஞர் யோகான்னஸ் கெப்ளர். 1604 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலில் பரவளையம், நீள்வட்டம் முதலிய வளைவுகளின் சிறப்புப் புள்ளிகளுக்கு, ஒளியை மனத்திற் கொண்டு, ஃபோகஸ் என்ற பெயரை அவர் சூட்டினார். ஐந்தாண்டு கழிந்து 1609 இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நூல், செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றுகிறது என்றும், அதன் குவியங்களுள் ஒன்றில் சூரியன் உள்ளது என்றும் உலகுக்கு அறிவித்தது. பெயர் வைத்தபோது கெப்ளருக்கு இந்த உண்மை தெரியாது. அடுப்பு என்று பெயரிட்ட இடத்தில் பின்னர் சூரியனே வந்து அமர்ந்தது வியப்புக்குரிய தற்செயல்.

அடுப்பு இருக்கும்போது பருப்பு இல்லாமலா? லென்ஸ் என்பது இலத்தீனில் ஒருவகைப் பருப்பின் பெயர். கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இனந்தான். உடைக்காத முழுப் பருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். இருபுறமும் நடுவே புடைத்து, விளிம்பு மெலிந்து, குவிலென்சின் வடிவம் அப்படியே இருக்கும். கண்ணாடியை இழைத்து அவ்வடிவில் செய்தவர்கள் தட்டில் கண்ட பொருளின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். தமிழில் வில்லை என்ற சொல்லும் இம்மாதிரிப் பிறந்ததே. மாத்திரையையும் வில்லை என்கிறோம், கண்ணாடித் துண்டையும் வில்லை என்கிறோம்.

கால்குலஸ் என்ற பெயரைக் கேட்டாலே நடுங்கும் மாணவர்கள் உண்டு. அதன் பொருள் சிறுகல். ரோமானியர் கற்களை நகர்த்திக் கணக்கிட்டதால் கல்லின் பெயர் கணக்கிற்கு வந்தது. சிறுநீரகத்தில் உண்டாகும் கல்லையும் மருத்துவர்கள் இன்றும் கால்குலஸ் என்றே எழுதுகிறார்கள். இரண்டுமே வேதனை தருவன என்று என் மாணவர் ஒருவர் குறும்பாகச் சொன்னார், நான் மறுக்கவில்லை.

ஒரு வேர், பல கிளைகள்

இலத்தீன் எவ்வாறு ஆங்கிலத்திற்குள் இவ்வளவு ஆழமாக நுழைந்தது? ஒரே நாளில் அன்று. ஆங்கிலேயரின் முன்னோர் ரோமானியரோடு பழகிய பழங்காலத்திலேயே தெருவைக் குறிக்கும் 'ஸ்ட்ரீட்', சுவரைக் குறிக்கும் 'வால்' போன்ற சொற்கள் வந்துவிட்டன. கி.பி. 597 இல் ரோமிலிருந்து சமயப் பணியாளர் வந்திறங்கியபின் தேவாலயத்தின் மொழியாக அது பரவியது. 1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது, இலத்தீனின் மகளாகிய பிரெஞ்சு மொழி அரசவையில் ஏறியது. அதன்பின் மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் இலத்தீன் நூல்களிலிருந்து நேரடியாகவே சொற்களை அள்ளிக்கொண்டார்கள். ஆதலால் ஒரே இலத்தீன் சொல் இரண்டு வழிகளில் வந்து இரண்டு ஆங்கிலச் சொற்களாக நிற்பதும் உண்டு. நலிந்தவரைக் குறிக்கும் 'ஃப்ரெயில்', எளிதில் உடையும் பொருளைக் குறிக்கும் 'ஃப்ராஜைல்' இரண்டும் ஒரே சொல்லே. முன்னது பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து வந்தது. பின்னது நூலிலிருந்து தேயாமல் வந்தது.

இவ்விரண்டுக்கும் மூலமான 'ஃப்ராங்கெரே' என்ற வினையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உடைத்தல், ஒடித்தல் என்பது அதன் பொருள். முழு எண்ணை உடைத்தால் கிடைப்பது ஃப்ராக்‌ஷன், அதாவது பின்னம். எலும்பு ஒடிந்தால் ஃப்ராக்சர். உடைந்த துண்டு ஃப்ராக்மென்ட். இனி ஒளியியலுக்கு வாருங்கள். நீர் நிறைந்த பாத்திரத்தில் ஒரு குச்சியைச் சாய்வாக வைத்தால் அது நீர்மட்டத்தில் ஒடிந்ததுபோலத் தோன்றுகிறது. அந்த ஒளிவிலகலுக்கு ரிஃப்ராக்‌ஷன் என்று பெயர். ரிஃப்ளெக்‌ஷன் வேறு, அது 'ஃப்ளெக்டெரே', வளைத்தல் என்ற வினையிலிருந்து வருவது. பின்னோக்கி வளைந்து திரும்புவது எதிரொளிப்பு. இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழக்காத மாணவர் குறைவு. ஒடிந்த குச்சியை ஒருமுறை கண்ணால் கண்டு அச்சொல்லோடு சேர்த்துவிட்டால் குழப்பம் திரும்ப வருவதில்லை என்பது என் அனுபவம்.

இக்குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர் டிஃப்ராக்‌ஷன். நாம் விளிம்பு விளைவு என்கிறோம். இத்தாலியில் பொலோனா நகரில் வாழ்ந்த கிரிமால்டி என்ற பாதிரியார், மெல்லிய துளை வழியே இருட்டறைக்குள் வந்த ஒளி, தடையின் விளிம்பில் நேர்கோட்டை விட்டு விலகிப் பரவுவதையும், நிழலின் ஓரத்தில் பட்டைகள் தோன்றுவதையும் கண்டார். ஒளி துண்டு துண்டாகச் சிதறுகிறது என்று கருதி, 'சிதற உடைத்தல்' என்று பொருள்படும் இச்சொல்லை ஆக்கினார். அவர் நூல் 1665 இல் அச்சேறியபோது அவர் உயிரோடில்லை. ஒளி அலையாகப் பரவுவதால் இது நிகழ்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

'டூக்கெரே' என்றால் இட்டுச் செல்லுதல், வழிநடத்துதல். மின்சாரத்தை இட்டுச் செல்லும் செப்புக் கம்பி கண்டக்டர். பேருந்தில் பயணிகளை நடத்திச் செல்பவரும் கண்டக்டர். தமிழில் கம்பியைக் கடத்தி என்றும், பேருந்துக்காரரை நடத்துநர் என்றும் பிரித்துவிட்டோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. இண்டக்‌ஷன், ப்ராடக்ட் என்பவையும் இவ்வேரின் கிளைகளே. எறிதலைக் குறிக்கும் 'யாக்கெரே' என்ற வினையிலிருந்து எறிபொருளாகிய ப்ரொஜெக்டைல் வந்தது. மருத்துவர் போடும் இஞ்செக்‌ஷனும் வந்தது. உள்ளே எறிவது இஞ்செக்‌ஷன்! ஊசிக்கு அஞ்சும் குழந்தைகளிடம் இதைச் சொல்லாமலிருப்பது நல்லது.

இவ்வாறு பத்துப் பன்னிரண்டு வேர்களை அறிந்தால், பாடநூலின் நூற்றுக்கணக்கான சொற்களுக்குத் திறவுகோல் கையில் கிடைத்ததுபோலாகும். எனினும் எல்லாக் கதவுகளையும் இது திறக்காது. அணுவைக் குறிக்கும் ஆட்டம், எலெக்ட்ரான், தெர்மாமீட்டர் ஆகியவை கிரேக்க வேர்கள் கொண்டவை. டெலிவிஷன் பாதி கிரேக்கம், பாதி இலத்தீன்.

சோம்பேறிப் பந்து

வேர்ச்சொல் அறிவு துணை செய்யும் என்றேன். அது வழிதவறவும் செய்யும் என்பதற்கு இனெர்ஷியாவைவிட நல்ல சான்று இல்லை.

ஒருமுறை விடைத்தாள் திருத்தும்போது இப்படி ஒரு விடையைக் கண்டேன்: 'உருட்டிவிட்ட பந்து சிறிது தூரம் ஓடிய பின் நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் அதன் இனெர்ஷியா.' எழுதியவர் முட்டாள் அல்லர், அகராதியைப் புரட்டியவர். 'இனெர்ஸ்' என்றால் இலத்தீனில் திறனற்ற, சோம்பலான என்று பொருள். கலை அல்லது திறமையைக் குறிக்கும் 'ஆர்ஸ்' என்பதோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து உண்டானது. பந்து சோம்பல்பட்டு நின்றுவிட்டது என்று அம்மாணவர் முடிவு செய்துவிட்டார்.

வேடிக்கை என்னவெனில், இச்சொல்லை இயற்பியலுக்குள் கொண்டுவந்த கெப்ளரும் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தார். பருப்பொருள் இயல்பாகவே மந்தமானது. இருந்த இடத்தில் இருக்கவே விரும்புவது. ஆகவே கோள்கள் ஓட வேண்டுமானால் சூரியன் அவற்றை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நம் மாணவர் கெப்ளரின் பள்ளியில் படித்திருந்தால் முழு மதிப்பெண் பெற்றிருப்பார்!

பின்னர் கலீலியோவின் சாய்தள ஆய்வுகள் வந்தன. தடையேதும் இல்லையென்றால் ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1687 இல் நியூட்டன் தம் பிரின்சிப்பியா நூலில் அதனை முதல் விதியாக்கினார். ஓய்விலுள்ள பொருள் ஓய்விலும், நேர்கோட்டில் சீராக இயங்கும் பொருள் அவ்வியக்கத்திலும் நிலைத்திருக்கும்; புறவிசை ஒன்றே அந்நிலையை மாற்றவல்லது. பந்தை நிறுத்துவது தரையின் உராய்வும் காற்றின் தடையும். அவை இல்லையேல் அதன் இனெர்ஷியா அதை ஓடவே வைத்திருக்கும். கெப்ளரின் அதே சொல்லை நியூட்டன் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த பொருளை மாற்றிவிட்டார். பழைய பெயர்ப்பலகையின் கீழ்ப் புதுக்கடை திறந்ததுபோல.

நியூட்டனின் கருத்துக்கு இலத்தீன் சொல்லைக் காட்டிலும் நம் 'நிலைமம்' பொருத்தமானது என்பேன். நிலையைக் காக்கும் தன்மை என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. ஓய்வு நிலையும் நிலைதான், இயக்க நிலையும் நிலைதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் சடத்துவம், ஜெர்மானியரின் ட்ரேக்ஹைட் இரண்டும் இலத்தீன் மந்தத்தையே ஏந்தி நிற்கின்றன. அச்சொற்களில் குறையில்லை, பயில்வோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மொமென்டம் என்பது 'மோவெரே', அசைத்தல் என்ற வினையின் வழி வந்தது. தராசின் தட்டைச் சாய்க்கப் போதுமான சிறு எடையையும், சிறு காலத் துளியையும் ரோமானியர் அச்சொல்லால் குறித்தனர். 'ஒரு மொமென்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் கணப்பொழுதும், இயற்பியலில் வரும் திருப்புத்திறனும் ஒரே பெயர் தாங்கியிருப்பதன் இரகசியம் இதுவே.

ஆங்கிலமும் ஒருநாள் தகுதியற்ற மொழியாக இருந்தது

நியூட்டன் பிரின்சிப்பியாவை எம்மொழியில் எழுதினார்? இலத்தீனில். ஐரோப்பா முழுவதும் அறிஞர்கள் அதைப் படிக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஒளியியல் நூலை 1704 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இடையிலிருப்பவை 17 ஆண்டுகள்தாம். ஆனால் ஆங்கிலத்தில் கணிதம் எழுதலாமா என்ற கேள்வி அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்துவிட்டது.

அக்கேள்விக்குச் செயலால் விடை சொன்னவர் ராபர்ட் ரெக்கார்டு. வேல்ஸ் நாட்டில் பிறந்த மருத்துவர். இன்று நாம் நாள்தோறும் எழுதும் சமக்குறி, இரண்டு இணைகோடுகள், 1557 இல் அவர் வெளியிட்ட நூலில்தான் முதன்முதலாக அச்சில் தோன்றியது. அவர் 1551 இல் எழுதிய வடிவியல் நூலே நமக்கு இங்கு முக்கியம். இலத்தீன் அறியாத சாதாரண மக்களும் வடிவியல் கற்க வேண்டும் என்று எண்ணிய ரெக்கார்டு, கலைச்சொற்களையும் அவர்கள் பேச்சிலிருந்தே ஆக்கினார். புள்ளிக்குக் குத்து என்ற பொருளில் 'பிரிக்'. குறுங்கோணத்திற்குக் 'கூரிய மூலை', விரிகோணத்திற்கு 'மழுங்கிய மூலை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். இணைகரத்திற்கு 'லைக்ஜாம்' என்று ஒரு விந்தையான பெயர். வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'டச் லைன்'. சொல்லுக்குச் சொல் நம் தொடுகோடு!

டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஃபிங்க்கே 1583 இல் தம் இலத்தீன் நூலில் டேன்ஜென்ட் என்ற சொல்லைக் கணிதத்தில் நுழைத்தார். 'தாங்கெரே' என்றால் தொடுதல். அதுவும் தொடுகோடுதான், இலத்தீனில் சொன்ன தொடுகோடு. பள்ளிகளில் இலத்தீனே கல்வியாக இருந்த அக்காலத்தில், டேன்ஜென்ட் வென்றது. 'டச் லைன்' கணிதத்திலிருந்து மறைந்தது. ரெக்கார்டு ஆக்கிய வடிவியல் சொற்களுள் பெரும்பாலானவை இதே கதியை அடைந்தன. அவரும் 1558 இல் சிறையில் இறந்தார். அது வேறொரு வழக்கு, அதற்கும் சொல்லாக்கத்திற்கும் தொடர்பில்லை.

ஆக, என் மாணவர் கேட்ட கேள்வியை இப்போது திருப்பிக் கேட்கலாம். டேன்ஜென்ட் என்ற சொல்லைக் கேட்கும் இங்கிலாந்துச் சிறுவனுக்குத் தொடுதல் நினைவுக்கு வருவதில்லை. ரெக்கார்டு அவனுக்குக் கொடுக்க முயன்ற வெளிச்சம் அவன் கைக்கு வந்து சேரவில்லை. தொடுகோடு என்று படித்த நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. கல்லூரியில் அவர் புதிதாகக் கற்க வேண்டியது ஒரு பெயரை மட்டுமே, பொருளை அன்று.

வழியில் மாறிய ஒரு சொல்

இலத்தீனிலிருந்து வந்ததாகத் தோன்றி, உண்மையில் நம் நாட்டிலிருந்து புறப்பட்ட சொல் ஒன்றையும் பார்த்துவிடுவோம். முக்கோணவியலில் வரும் சைன்.

இலத்தீனில் 'சைனஸ்' என்றால் மடிப்பு, குழிவு, வளைகுடா. மூக்கை ஒட்டிய எலும்புக் குழிவுகளில் சளி கட்டி நமக்குத் தொல்லை தரும் சைனசும் அதே சொல்தான். செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்துப் பெறும் எண்ணுக்கும் ஒரு குழிவுக்கும் என்ன தொடர்பு? எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே வேரைத் தோண்டினால் ஒரு தவறுதான் கிடைக்கும்.

வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகவும், அதன் முனைகளை இணைக்கும் கோட்டை வில்லின் நாணாகவும் பார்ப்பது பண்டைய வழக்கம். தமிழ்க் கணிதத்தில் இன்றும் வில், நாண் என்றே சொல்கிறோம். இலத்தீனில் 'ஆர்க்குஸ்' என்பதும் வில்லே. வடமொழியில் நாணுக்கு ஜ்யா என்றும் ஜீவா என்றும் பெயர். ஆரியபட்டர் கி.பி. 499 ஐ ஒட்டி எழுதிய நூலில், கால்வட்டத்தை 24 சம பங்குகளாக்கி, அரைநாண்களின் அளவுகளைக் கணிக்கும் முறையைக் கொடுத்திருக்கிறார். அரைநாண் என்று முழுப்பெயர் சொல்லாமல் ஜ்யா என்றே சுருக்கிக் குறிப்பதும் வழக்கமாயிற்று. அந்த அரைநாணை ஆரத்தால் வகுத்தால் இன்றைய சைன் மதிப்புக் கிடைத்துவிடும்.

எட்டாம் நூற்றாண்டில் இந்திய வானியல் நூல்கள் பாக்தாதுக்குச் சென்றன. அங்கே அரபு அறிஞர்கள் ஜீவாவை மொழிபெயர்க்காமல் 'ஜீபா' என்று ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள். அரபு எழுத்தில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவது வழக்கம். ஜீபா அரபுமொழியில் பொருளற்ற சொல். அதே எழுத்துகளை 'ஜைப்' என்று படித்தால் ஆடையின் மார்பு மடிப்பு என்று பொருள் கிடைக்கிறது. காலப்போக்கில் படிப்பவர்கள் பொருளுள்ள சொல்லையே படித்தார்கள். 12 ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தவர்கள் ஜைப்பைக் கண்டு, மடிப்பு என்று பொருள்படும் சைனஸ் என்ற சொல்லை நேர்மையாக எழுதிவைத்தார்கள். இப்படித்தான் நாண், மடிப்பாகி, சைனாகி, ஆங்கிலப் பாடநூல் வழியே நம்மிடம் திரும்பி வந்தது.

அந்த அரபு ஜைப் வேறொரு வழியிலும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மார்பு மடிப்பில் பொருள்களைச் செருகி வைக்கும் பழக்கத்தால், பாரசீகம், உருது ஆகிய மொழிகளில் அச்சொல் பையைக் குறித்து ஜேப் ஆயிற்று. அதுவே தமிழ்ப் பேச்சில், நாம் பேனாவைச் செருகிக்கொள்ளும் சட்டை ஜேப்பு.